கார்டு பையில் இருக்கும்போதே பணம் எப்படிப் போகிறது?

"கார்டு இதோ என்கிட்டதானேடா இருக்கு?"

கும்பகோணத்தில் இருக்கும் என் பெரியப்பா கேட்ட கேள்வி இது. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன டைரி வைத்திருப்பார். அதன் அட்டைக்குள் செருகியிருந்த டெபிட் கார்டை உருவி என் கையில் கொடுத்தார். இரண்டு நாளில், மூன்று தடவையாக, அவர் கணக்கிலிருந்து 67,000 ரூபாய் போயிருந்தது. கார்டு தொலையவில்லை. யாரிடமும் கொடுக்கவும் இல்லை. பின் நம்பர் பெரியம்மாவுக்குக்கூடத் தெரியாது. ஓடிபி எதையும் யாருக்கும் வாய்விட்டுச் சொல்லவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். விசாரித்துப் பார்த்தபோது அவர் சொன்னது அத்தனையும் உண்மை.

அன்றைக்கு அவருக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அப்புறம் உட்கார்ந்து படித்தேன், வங்கியில் வேலை பார்க்கும் நண்பர்களிடம் கேட்டேன். அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். கார்டைப் பற்றி ஒன்றுமே தெரியாதவருக்கும் புரிகிற மாதிரி அடியிலிருந்து தொடங்குகிறேன்.

மோதிரம் திருடு போனால் விரல் வெறுமையாகிவிடும். பார்த்த உடனே தெரியும். கார்டு விஷயத்தில் திருடு போவது அந்தப் பிளாஸ்டிக் அட்டை இல்லை, அதில் இருக்கும் எண்கள். எண்ணை ஒருவர் பார்த்து எழுதிக்கொண்டு போனால் நம்மிடம் ஒன்றும் குறையாது. கார்டு பையிலேயே இருக்கும். வங்கியிலிருந்து மெசேஜ் வரும்வரை நமக்கு எதுவும் தெரியாது.

கார்டில் என்னதான் இருக்கிறது?

உங்கள் கார்டை எடுத்து ஒரு நிமிடம் பாருங்கள். பெரும்பாலான கார்டுகளில் 16 இலக்க எண் இருக்கும். முதல் இலக்கம் 4 என்றால் விசா. 5-இல் தொடங்கும் கார்டுகளில் பெரும்பாலானவை மாஸ்டர்கார்டு. ரூபே கார்டுகள் பல 6-இல் தொடங்கும். தொடக்கத்தில் வரும் ஆறு அல்லது எட்டு இலக்கங்கள் எந்த வங்கி, என்ன வகைக் கார்டு என்று சொல்பவை. அதாவது அந்த வங்கியின் அதே வகைக் கார்டு வைத்திருக்கும் எல்லோருக்கும் முன்பகுதி ஒன்றுதான். உங்களுக்கே உங்களுக்கு என்று இருப்பது அதற்குப் பின்னால் வரும் இலக்கங்கள் மட்டும்.

கடைசி இலக்கத்துக்கு ஒரு தனி வேலை உண்டு. ஐபிஎம் நிறுவனத்தில் வேலை பார்த்த ஹான்ஸ் பீட்டர் லூன் என்பவர் 1950-களில் கண்டுபிடித்த கணக்கு அது. வலப்பக்கத்திலிருந்து இரண்டாவது, நான்காவது, ஆறாவது என்று ஒன்றுவிட்டு ஒன்றாக வரும் இலக்கங்களை இரட்டிப்பாக்க வேண்டும். இரட்டித்தது இரண்டு இலக்கமாக வந்தால் அந்த இரண்டையும் தனித்தனியாகக் கூட்டிக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டினால் வருவது பத்தால் மீதியில்லாமல் வகுபட வேண்டும், அதற்கேற்ற மாதிரிதான் கடைசி இலக்கத்தை வைக்கிறார்கள். மென்பொருள் எழுதுபவர்கள் சோதனைக்குப் பயன்படுத்தும் 4111 1111 1111 1111 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். இரட்டிக்க வேண்டிய எட்டு இலக்கங்களில் 4 எட்டாகிறது, ஏழு ஒன்றுகள் ஏழு இரண்டுகளாகி 14 வருகிறது. இரட்டிக்காத ஒன்றுகள் எட்டு. மொத்தம் 30. சரியாக வகுபடுகிறது. ஒரு இலக்கத்தை மாற்றித் தட்டினால் இணையதளம் உடனே "எண் தவறு" என்று சொல்வது இதனால்தான். கைத்தவறைக் கண்டுபிடிக்க உதவும் கணக்கு இது. திருட்டைத் தடுப்பது இதன் வேலை கிடையாது.

அப்புறம் காலாவதி மாதமும் ஆண்டும். பின்பக்கம் மூன்று இலக்கத்தில் சிவிவி எண். கூடவே ஒரு கறுப்புக் காந்தப் பட்டை. முன்பக்கம் பொன்னிறத்தில் சின்னச் சதுரமாக ஒரு சிப்.

இவற்றில் எண், தேதி, சிவிவி மூன்றும் கார்டு காலாவதியாகும்வரை மாறவே மாறாது. ஹோட்டலில் பில் கட்டக் கார்டைக் கொடுத்தால் சர்வர் பார்க்கிறார். ஆன்லைனில் வாங்கினால் அந்தப் பக்கம் பார்க்கிறது. பலர் பார்க்கும் இடத்தில் அச்சடித்து வைத்த, மாறாத ஒன்றை ரகசியம் என்று நம்பி உலகம் முழுக்கப் பணம் கைமாறிக்கொண்டிருந்தது. கார்டு மோசடியின் வரலாறு முழுவதும் இந்த ஒரு பலவீனத்தைச் சுற்றித்தான் நடந்திருக்கிறது.

தேய்த்த காலம்

நம் ஊரில் இன்னும் "கார்டைத் தேய்ச்சுட்டியா?" என்றுதான் கேட்கிறார்கள். தேய்ப்பது அந்தக் காந்தப் பட்டையை. பட்டைக்குள் கார்டு எண்ணும் காலாவதித் தேதியும் ஒரு சோதனை எண்ணும் எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் பட்டை அதே விஷயத்தைத்தான் சொல்லும். ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி. ஸ்டாம்பை ஒருவர் நகல் எடுத்துவிட்டால் அசல் எது, நகல் எது என்று காகிதத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இதைத்தான் ஸ்கிம்மிங் என்றார்கள். ஏடிஎம்மில் கார்டு நுழைக்கும் வாயின்மேல் அதே நிறத்தில், அதே வடிவத்தில் ஒரு போலி மூடியை ஒட்டிவிடுவார்கள். உள்ளே போகும் கார்டின் பட்டையை அது படித்துக்கொள்ளும். பின் நம்பரைப் பிடிக்க விசைப்பலகைக்கு மேலே கண்ணுக்குத் தெரியாமல் ஒரு சின்னக் கேமரா. வேறொரு வெற்றுக் கார்டில் இதை எழுதிவிட்டால் உங்கள் கார்டின் இரட்டைப் பிறவி தயார். ஏடிஎம்மில் பின் நம்பர் அடிக்கும்போது இடது கையால் மேலே மறைத்துக்கொள்ளச் சொல்வதற்குக் காரணம் அந்தக் கேமராதான். பின்னால் நிற்பவருக்காக மட்டும் என்று பலர் நினைத்துக்கொண்டு, தனியாக இருந்தால் மறைப்பதில்லை.

பட்டைக்குள் இருக்கும் சோதனை எண் வேறு, கார்டின் பின்னால் அச்சடித்த சிவிவி வேறு. பட்டையை நகலெடுத்தவனுக்குப் பின்னால் இருக்கும் மூன்று இலக்கம் கிடைக்காது. அதனால் பட்டைத் திருட்டு ஏடிஎம்முக்கும் கடைக்கும் போகும், ஆன்லைன் திருட்டுக்கு வேறு வழி தேட வேண்டும்.

ஸ்கிம்மிங்குக்கு வந்த பதில்தான் சிப். அது ஒரு குட்டிக் கணினி. உள்ளே வெளியில் எடுக்க முடியாத ஒரு ரகசியச் சாவி இருக்கிறது. ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தொகையையும் வேறு சில விவரங்களையும் சேர்த்து, அந்தத் தடவைக்கு மட்டும் செல்லும் ஒரு குறியீட்டைச் சிப் உருவாக்கித் தரும். ஒருவன் ஒட்டுக்கேட்டு அந்தக் குறியீட்டைப் பிடித்தாலும் அடுத்த முறை அது செல்லாது. வெறும் பட்டை வைத்த கார்டுகளை 2018 டிசம்பர் 31-க்குள் சிப் கார்டுகளாக மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கெடு வைத்தது. அந்த நேரத்தில் வீட்டுக்குத் தபாலில் புதுக் கார்டு வந்தது பலருக்கும் நினைவிருக்கும். பட்டை இன்னும் கார்டில் இருக்கிறது. சிப் படிக்கத் தெரியாத மெஷின்கள் உலகில் எங்கோ இருக்கின்றன என்பதற்காக விட்டு வைத்திருக்கிறார்கள்.

நம் கையை விட்டுப் போன இடத்தில்

கார்டு விவரம் போய்விட்டது என்றால் வீட்டில் முதலில் கேட்பது "நீ என்ன பண்ணித் தொலைச்ச?" என்பதுதான். இந்தக் கேள்வி எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது, ஏனென்றால் மிகப் பெரிய திருட்டுகளில் கார்டுக்காரர் ஒன்றுமே செய்யவில்லை.

அமெரிக்காவில் டார்கெட் என்ற பெரிய கடைத்தொடர். 2013 நவம்பர் 27 முதல் டிசம்பர் 15 வரை, பண்டிகைக் கூட்டம் அலைமோதிய நாட்களில், அங்கே தேய்த்த சுமார் 4 கோடிக் கார்டுகளின் விவரங்கள் களவு போயின. கடைகளின் குளிர்சாதன வேலைகளைப் பார்த்த ஒரு ஒப்பந்த நிறுவனத்தின் கடவுச்சொல்லைத் திருடி உள்ளே நுழைந்திருந்தார்கள். பில் போடும் மெஷினில் கார்டைத் தேய்த்ததும் அந்த விவரம் கணநேரம் மெஷினின் நினைவகத்தில் பூட்டுப் போடாமல் கிடக்கும். அந்தக் கணத்தில் அதை அள்ளிக்கொள்ளும் நிரலை மெஷின்களில் போட்டுவிட்டார்கள். வரிசையில் நின்று பொம்மை வாங்கிய அம்மாவுக்கு இதில் என்ன பொறுப்பு?

நம் நாட்டிலும் நடந்தது. 2016 அக்டோபரில் சுமார் 32 லட்சம் டெபிட் கார்டுகளின் பாதுகாப்பு கேள்விக்குள்ளானது. பல வங்கிகள் கார்டுகளை முடக்கின, பின் நம்பரை மாற்றச் சொல்லி மெசேஜ் அனுப்பின. ஏடிஎம்களை நிர்வகித்த ஹிட்டாச்சி பேமெண்ட் சர்வீசஸ் நிறுவனத்தின் கணினியமைப்புக்குள் தீநிரல் புகுந்திருந்தது என்பதை அந்த நிறுவனமே 2017 பிப்ரவரியில் ஒப்புக்கொண்டது.

இவை எல்லாம் மெஷினுக்குள் நடந்தவை. ஆன்லைனில் நடந்ததில் எனக்கு மறக்க முடியாத உதாரணம் பிரிட்டிஷ் ஏர்வேஸ். 2018 ஆகஸ்ட் 21 முதல் செப்டம்பர் 5 வரை அதன் அசல் இணையதளத்தில், அசல் பணம் கட்டும் பக்கத்தில், திருடர்கள் 22 வரி நிரல் ஒன்றைச் சேர்த்துவிட்டிருந்தார்கள். பயணி தன் பெயர், கார்டு எண், சிவிவி எல்லாம் தட்டிப் பணம் கட்டும் பொத்தானை அழுத்துகிறார். டிக்கெட் ஒழுங்காகப் பதிவாகிறது. அதே நொடியில் அவர் தட்டியதன் நகல் ஒன்று திருடர்களின் முகவரிக்கும் போகிறது. முகவரிப் பெட்டியில் பூட்டுச் சின்னம் இருந்தது. இணையதளமும் போலி இல்லை. "பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள்" என்று நாம் எல்லோருக்கும் சொல்லும் அறிவுரை அங்கே ஒன்றுக்கும் உதவவில்லை. பிரிட்டனின் தகவல் பாதுகாப்பு ஆணையம் 2020-இல் அந்த நிறுவனத்துக்கு 2 கோடி பவுண்டு அபராதம் விதித்தது.

சிவிவி எண்ணை, பரிவர்த்தனை முடிந்த பிறகு எந்தக் கடையும் சேமித்து வைக்கக் கூடாது என்பது கார்டு நிறுவனங்களின் பாதுகாப்பு விதி. அதனால் கடையின் பழைய தரவுத்தளத்தைத் திருடினால் அது கிடைக்கக் கூடாது. நாம் தட்டும்போதே பிடித்தால் கிடைத்துவிடும். பிரிட்டிஷ் ஏர்வேஸ் திருடர்கள் தட்டும் இடத்திலேயே காத்திருந்தது அதற்காகத்தான்.

இன்னொரு வகையில் யாரிடமிருந்தும் எதையும் திருடுவதே இல்லை, ஊகிக்கிறார்கள். 2016 நவம்பரில் பிரிட்டனின் டெஸ்கோ வங்கியில் 48 மணி நேரத்தில் 22 லட்சத்து 60 ஆயிரம் பவுண்டு போனது. கார்டு எண்களைக் கணக்குப் போட்டு உருவாக்கியிருந்தார்கள். மேலே சொன்ன லூன் கணக்குத் தெரிந்து, வங்கியின் முன்பகுதி எண்ணும் தெரிந்தால், மிச்சத்தை ஊகிப்பது கணினிக்குப் பெரிய காரியம் இல்லை. அந்த வங்கியின் குறைபாடுகளுக்காக அதன்மேல் 1 கோடியே 64 லட்சம் பவுண்டு அபராதம் விழுந்தது.

திருடியவனும் செலவழிப்பவனும் வேறு வேறு

கார்டு விவரத்தைத் திருடுகிறவன் அவனே அதைப் பயன்படுத்துவது குறைவு. விற்றுவிடுவான். இதற்கென்றே மறைவான இணையச் சந்தைகள் இருந்தன, இருக்கின்றன. ஜோக்கர்ஸ் ஸ்டாஷ் என்ற சந்தையில் 2019 அக்டோபரில் 13 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்டுகளின் விவரங்கள் ஒரே மூட்டையாக விற்பனைக்கு வந்ததை குரூப்-ஐபி என்ற பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்தது. அவற்றில் 98 சதவீதத்துக்கு மேல் இந்திய வங்கிகளின் கார்டுகள். ஒரு கார்டின் விலை 100 டாலர். அந்தச் சந்தை 2021-இல் மூடப்பட்டது.

வாங்குகிறவன் முதலில் பார்ப்பது, கார்டு உயிரோடு இருக்கிறதா என்று. மிகச் சின்னத் தொகைக்கு எங்காவது ஒரு பரிவர்த்தனை செய்து பார்ப்பான். உங்களுக்குத் தெரியாத பெயரில் ஒரு ரூபாயோ ஒரு டாலரோ எடுக்கப்பட்டதாக மெசேஜ் வந்தால் "ஒரு ரூபாய்தானே" என்று விட்டுவிடாதீர்கள். அது கதவைத் தட்டிப் பார்க்கும் சத்தம். அடுத்த சில மணி நேரத்தில் பெரிய தொகை வரும்.

பிறகு பணமாக்க வேண்டும். கிஃப்ட் கார்டு, மொபைல் போன், தங்க நாணயம் என்று சீக்கிரம் கைமாறக்கூடியதை வாங்குவார்கள். கிஃப்ட் கார்டு என்றால் பொருள் வீட்டுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, எண் கிடைத்த நொடியில் வேறு ஒருவனுக்கு விற்றுவிடலாம். வங்கிக் கணக்குக்கு மாற்றுவதானால் வாடகைக் கணக்குகள் வழியாக நகர்த்துவார்கள். இங்கே இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். "உன் அக்கவுண்டைப் பத்து நாள் கொடு, ஐயாயிரம் தர்றேன்" என்று யாராவது கேட்டால் தயவுசெய்து கொடுக்காதீர்கள். போலீஸ் தேடி வரும்போது முதலில் கிடைக்கும் முகவரி உங்களுடையதாகத்தான் இருக்கும்.

ஓடிபி வந்த பிறகு திருடன் நம்மிடம் வந்தான்

சிப் வந்து கடையையும் ஏடிஎம்மையும் ஓரளவு காப்பாற்றியது. ஆன்லைனில் சிப்பைச் செருக இடமில்லையே. அங்கே எண், தேதி, சிவிவி மூன்றும் தெரிந்தவர்தான் உரிமையாளர் என்று பல நாடுகளில் நீண்ட காலம் ஏற்றுக்கொண்டார்கள். இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்ட் 1 முதல், கார்டில் அச்சடிக்கப்படாத இன்னொரு விவரத்தையும் கேட்டே ஆக வேண்டும் என்று கட்டாயமாக்கியது. இன்றைக்கு நமக்கு அது பெரும்பாலும் ஓடிபியாக வருகிறது. உலகில் வெகு சீக்கிரம் இந்தக் கட்டாயத்தைக் கொண்டுவந்த நாடுகளில் நம் நாடும் ஒன்று, அதைப் பெருமையாகவே சொல்லலாம். ஆனால் விதி இந்தியாவுக்குள் நடக்கும் பரிவர்த்தனைக்காக எழுதப்பட்டது. வெளிநாட்டு இணையதளம் பலவற்றில் ஓடிபி கேட்காமலே பணம் போன அனுபவம் பலருக்கு உண்டு.

ஓடிபி என்பதும் சிப்பின் அதே யோசனைதான். ஒருமுறை மட்டும் செல்லும் எண். அது உங்கள் போனுக்கு வரும். அப்படியானால் இந்தியக் கார்டு எண்ணை வைத்திருக்கும் திருடன் என்ன செய்வான்? உங்கள் போனுக்கோ, உங்கள் காதுக்கோ வந்துதான் ஆக வேண்டும்.

"சார், உங்க ஏடிஎம் கார்டு பிளாக் ஆயிடுச்சு" என்று ஒரு மாதிரித் தமிழில் தொடங்கும் அழைப்பைக் கேட்காத வீடு இங்கே குறைவு. ஜார்க்கண்டின் ஜாம்தாரா மாவட்டம் இந்த வகை அழைப்புகளுக்காகவே நாடு முழுக்கப் பெயர் பெற்றுவிட்டது. அது பழைய முறை. ஓடிபியைச் சொல்லக் கூடாது என்று மக்கள் கற்றுக்கொண்டார்கள். அவர்களும் கற்றுக்கொண்டார்கள்.

பெரியப்பாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு சனிக்கிழமை மாலை ஆறு மணி இருக்கும். ஆங்கிலத்தில் ஒரு மெசேஜ். போன மாத மின் கட்டணம் கணக்கில் ஏறவில்லை, இன்று இரவு 9.30 மணிக்கு இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணில் அதிகாரியைத் தொடர்பு கொள்ளவும். இந்த மெசேஜ் தமிழ்நாட்டில் லட்சக்கணக்கானோருக்கு வந்திருக்கும், உங்களுக்கும் வந்திருக்கலாம். பெரியப்பா உண்மையிலேயே ஆன்லைனில்தான் கட்டியிருந்தார், ரசீதை எங்கே வைத்தார் என்று தெரியவில்லை. வீட்டில் பெரியம்மாவுக்கு உடம்பு சரியில்லை, இரவில் மின்விசிறி இல்லாமல் முடியாது. அழைத்தார்.

அந்தப் பக்கம் பேசியவன் அவசரப்படவே இல்லையாம். "ஐயா பதட்டப்படாதீங்க, நீங்க கட்டினது சிஸ்டத்துல அப்டேட் ஆகல, பத்து ரூபா மட்டும் கட்டுங்க, ரெண்டும் சேர்ந்து ஏறிடும்" என்றிருக்கிறான். வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு அனுப்பினான். மின்வாரியச் செயலி என்று சொன்னான். நிறுவும்போது போன் நான்கைந்து அனுமதிகள் கேட்டது, எல்லாவற்றுக்கும் சம்மதம் கொடுக்கச் சொன்னான். அந்த அனுமதிகளில் ஒன்று, போனுக்கு வரும் மெசேஜ்களைப் படிப்பது.

செயலியைத் திறந்ததும் மின்வாரியத்தின் சின்னத்தோடு ஒரு பக்கம். கார்டு எண், தேதி, சிவிவி போட்டுப் பத்து ரூபாய் கட்டச் சொன்னது. பெரியப்பா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு இலக்கமாகச் சரிபார்த்துத் தட்டினார். அவர் தட்டிய அதே நேரத்தில் எங்கோ ஒருவன் அந்த விவரங்களை ஒரு ஷாப்பிங் தளத்தில் போட்டு 24,000 ரூபாய்க்குக் கிஃப்ட் கார்டு வாங்கினான். வங்கி ஓடிபி அனுப்பியது. போனில் அது விழுந்தது. பெரியப்பா பார்ப்பதற்கு முன்பே செயலி அதை அப்படியே அவனுக்கு அனுப்பிவிட்டது. சில நிமிடத்தில் இன்னொரு 24,000.

"நான் ஓடிபி யாருக்கும் சொல்லல" என்று அவர் சொன்னது பொய்யே இல்லை. அவர் போன் சொல்லிவிட்டது.

இதைத்தான் எல்லோரிடமும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். "ஓடிபியைச் சொல்லாதே" என்ற பாடம் இப்போது போதாது. வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பு, அதாவது போனில் செயலியை ஏற்றும் கோப்பு, எதையும் நிறுவக் கூடாது. மின்வாரியம், வங்கி, போக்குவரத்து அபராதச் சலான், கல்யாணப் பத்திரிகை என்று எந்தப் பெயரில் வந்தாலும் சரி. போன் திரையை அடுத்தவர் பார்க்கும்படி பகிரும் செயலிகளும் அதே வேலையைச் செய்யும். எனிடெஸ்க் போன்ற செயலிகளை வைத்து இப்படி மோசடி நடப்பதாக ரிசர்வ் வங்கி 2019-லேயே எச்சரித்தது. வாடிக்கையாளர் சேவை எண் வேண்டும் என்று இணையத்தில் தேடினாலும் மேலே வருவது போலி எண்ணாக இருக்கலாம். கார்டின் பின்பக்கம் அச்சடித்திருக்கிறதே, அந்த எண்ணையே பயன்படுத்துங்கள். வங்கிகளின் அசல் இணையதள முகவரி இப்போது 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடிய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025-இல் கொண்டுவந்தது. அதையும் பார்க்கப் பழகலாம்.

கடைகளில் கார்டைச் சேமித்து வைக்கும் விஷயத்திலும் ஒரு நல்ல மாற்றம் வந்திருக்கிறது. 2022 அக்டோபர் 1 முதல் இந்தியாவில் ஆன்லைன் கடைகள் உங்கள் கார்டு எண்ணை வைத்துக்கொள்ள முடியாது. பதிலுக்கு ஒரு டோக்கனை வைத்துக்கொள்ளும். கோயில் வாசலில் செருப்பு விடும்போது கொடுக்கிறார்களே, அதே மாதிரிதான். அந்தக் கடை டோக்கனை அடுத்த கடையில் நீட்டினால் செருப்பு கிடைக்காது. அந்தக் கடையின் தரவுத்தளம் திருடு போனாலும் டோக்கனை வேறு இடத்தில் பயன்படுத்த முடியாது.

வைஃபை மாதிரி கோடு போட்ட, மெஷினில் செருகாமலே பணம் செலுத்தும் கார்டின்மேல் பஸ்ஸில் யாராவது மெஷினை உரசிப் பணம் எடுத்துவிடுவார்களா என்று அடிக்கடி கேட்கிறார்கள். பின் இல்லாமல் 5,000 ரூபாய் வரைதான் முடியும். மெஷின் யாருடைய பெயரில் இருக்கிறது என்பதும் பதிவாகியிருக்கும். பயமாக இருந்தால் வங்கிச் செயலியில் அந்த வசதியை மட்டும் அணைத்துவிடலாம்.

திங்கட்கிழமை வரை காத்திருந்ததற்குக் கொடுத்த விலை

சனிக்கிழமை இரவு 48,000 போனது பெரியப்பாவுக்கு அன்றே தெரியும். யாரிடமும் சொல்லவில்லை. வெட்கம். நாற்பது வருடம் கணக்குப் பார்த்த மனுஷன் ஏமாந்துவிட்டார் என்று பிள்ளைகள் நினைப்பார்களே என்ற கூச்சம். ஞாயிறு பேங்க் கிடையாது, திங்கட்கிழமை திறந்ததும் நேரில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார். அந்தச் செயலி இன்னும் போனிலேயே இருந்தது. கார்டும் முடக்கப்படவில்லை. ஞாயிறு காலை இன்னொரு 19,000 போனது, ஒரு மொபைல் போன் வாங்க.

வங்கியின் அவசர எண் ஞாயிறும் இரவும் பாராமல் இயங்கும். முதலில் அதற்கு அழைத்துக் கார்டை முடக்க வேண்டும். வங்கிச் செயலியிலேயே முடக்கும் பொத்தானும் இருக்கும். அடுத்தது 1930. மத்திய உள்துறையின் கீழ் நடக்கும் சைபர் நிதி மோசடி உதவி எண் இது. நீங்கள் சொல்லும் பரிவர்த்தனை விவரம் உடனே சம்பந்தப்பட்ட வங்கிக்குப் போகும். பணம் போய்ச் சேர்ந்த கணக்கில் அது இன்னும் இருந்தால் அங்கேயே நிறுத்தி வைப்பார்கள், வேறு கணக்குக்கு நகர்ந்திருந்தால் அந்த வங்கிக்குத் தகவல் போகும். பணம் நகரும் வேகத்துக்கு முன்னால் நம் புகார் ஓட வேண்டும், அதனால்தான் முதல் ஒரு மணி நேரம் அவ்வளவு முக்கியம். பேச முடியாவிட்டால் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியலாம். எந்த வழியில் புகார் செய்தாலும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், மெசேஜ்களை அழித்துவிடாதீர்கள்.

பணம் யார் பொறுப்பு என்பதற்கு ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-இல் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. ஓட்டை வங்கியிலும் இல்லை, உங்களிடமும் இல்லை, இடையில் வேறெங்கோ இருந்தது என்றால், வங்கியின் தகவல் வந்து மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்தால் உங்களுக்கு இழப்பு எதுவும் கிடையாது. நான்கிலிருந்து ஏழு வேலை நாட்களுக்குள் என்றால் கணக்கின் வகையைப் பொறுத்து ஒரு வரம்பு வரை நீங்கள் ஏற்க வேண்டும். அதற்கு மேல் போனால் வங்கியின் கொள்கைதான். புகார் வந்த பத்து வேலை நாட்களுக்குள் வங்கி அந்தத் தொகையைத் தற்காலிகமாகக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று நிரூபிக்க வேண்டிய கடமையும் வங்கிக்குத்தான்.

வாடிக்கையாளரே விவரத்தைக் கொடுத்த கவனக்குறைவு என்று முடிவானால், வங்கிக்குச் சொல்லும்வரை போன பணத்தின் இழப்பு அவருடையது. சொன்ன பிறகு போனால் வங்கியுடையது. பெரியப்பாவை வங்கி இந்தப் பிரிவில்தான் வைத்தது. ஓடிபியைச் சொல்லாத ஒருவரைக் கவனக்குறைவு என்று எழுதியது எனக்கு இன்னும் ஆறவில்லை. வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது. நாங்களும் போனோம்.

கிஃப்ட் கார்டுகள் வாங்கிய அன்றே செலவாகிவிட்டன, அந்த 48,000 இதுவரை வரவில்லை. மொபைல் போனை அந்தத் தளம் இன்னும் அனுப்பியிருக்கவில்லை. திங்கட்கிழமை 1930-இல் புகார் போனதும் ஆர்டரை நிறுத்தினார்கள், 19,000 திரும்பியது.

அடுத்த முறை கும்பகோணம் போனபோது பெரியப்பாவோடு திண்ணையில் உட்கார்ந்து அவர் போனில் வங்கிச் செயலியைத் திறந்தேன். 2020 அக்டோபர் முதல் ஒவ்வொரு கார்டிலும் ஆன்லைன், வெளிநாடு, தொடாமல் செலுத்துவது எல்லாவற்றையும் தனித்தனியே திறக்கவும் மூடவும் வசதி இருக்க வேண்டும் என்பது விதி. வெளிநாட்டுப் பரிவர்த்தனையை மூடினோம். ஆன்லைன் வரம்பு ஒரு லட்சம் என்று இருந்தது, அதை 2,000 ஆக்கினோம். ஓய்வூதியம் வரும் கணக்கின் கார்டை ஆன்லைனுக்கே வேண்டாம் என்று அணைத்துவிட்டு, சின்னத் தொகை மட்டும் வைத்த இன்னொரு கணக்கின் கார்டை மின் கட்டணத்துக்கு வைத்துக்கொண்டார். எல்லாம் முடிய பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை.

எழுந்து உள்ளே போனவர், பால் கணக்கு எழுதும் தினசரி காலண்டர் அட்டையில் பேனாவால் 1930 என்று பெரிதாக எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார். பெரியம்மாவையும் கூப்பிட்டுக் காட்டினார்.